நல்ல தண்ணீரில் வளரும் கொசு: ராமநாதபுரக் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்திலிருந்து தொண்டி வரை, கையில் டார்ச் லைட்டும் நீளக் காம்பு வைத்த கரண்டியுமாக வீடு வீடாகத் தொட்டிகளை எட்டிப் பார்ப்பதுதான் பல வருடம் என் வேலை. கதவைத் திறக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எங்க வீட்டுல என்ன சாக்கடையா ஓடுது?" என்பது. அதற்கப்புறம் மற்ற கேள்விகள் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே பதில்களோடு எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் ஒரே கொசுவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதன் பெயர் அனாபிலஸ் ஸ்டீபன்சி. நகரப்பகுதிகளில் மலேரியாவை முக்கியமாகப் பரப்புவது அதுதான்.

சாக்கடையே இல்லாத மணல் ஊர் எங்களுடையது. கொசு எங்கிருந்து வருகிறது?

உங்கள் வீட்டுக் குடத்திலிருந்து. கேட்டால் கோபம் வரும், ஆனாலும் அதுதான் உண்மை.

நம் மாவட்டத்தில் தண்ணீருக்கு இரண்டே சாதி: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி எளிதில் கிடைப்பதில்லை. காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயில் என்றைக்கு வருகிறதோ அன்றைக்குப் பிடித்து வைக்க வேண்டும். வராத நாளில் லாரித் தண்ணீரைக் குடக்கணக்கில் வாங்க வேண்டும், இல்லையென்றால் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றைத் தேடிப் போக வேண்டும். இப்படிப் பாடுபட்டுக் கொண்டுவந்த தண்ணீரை யாராவது கீழே ஊற்றுவார்களா? தரைத் தொட்டி, சிமென்ட் தொட்டி, நீல டிரம், மாடியில் பிளாஸ்டிக் டேங்க், அண்டா, பானை என்று இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் நிரப்பி வைக்கிறோம். ஒரு வீட்டில் பதினேழு பாத்திரம் வரை எண்ணியிருக்கிறேன்.

ஸ்டீபன்சிக்கும் அந்த நல்ல தண்ணிதான் வேண்டும். அழுக்குத் தண்ணீரை அது பெரும்பாலும் சீண்டாது. தெளிந்து, அசையாமல், நிழலில் இருக்கும் தண்ணீர் அதற்கு விருப்பம். கிணறும் மேல்நிலைத் தொட்டியும் கட்டட வேலைக்குத் தேக்கிய தண்ணீரும் அதற்குப் பிரசவ அறை மாதிரி. இதனால்தான் இந்தியாவில் இதை நகரத்து மலேரியாக் கொசு என்பார்கள். நம் கடலோரக் கிராமங்கள் நகரமில்லை. ஆனால் தண்ணீரைச் சேர்த்து வைப்பதில் எந்த நகரமும் நம்மை மிஞ்ச முடியாது.

அப்படியென்றால் கடல் தண்ணீரில் கொசு வளராதா?

அலை அடிக்கிற கடலில் வளராது. கரையோரக் கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் தேங்குகிற உவர்நீரில் வளரக்கூடிய வேறு அனாபிலஸ் இனங்கள் உண்டு. ஸ்டீபன்சியும் லேசான உப்பைத் தாங்கிக்கொள்ளும். "எங்க கிணத்துத் தண்ணி கரிக்கும், அதனால கொசு வராது" என்று இருந்துவிடாதீர்கள்.

கொசு ஏன் ரத்தம் குடிக்கிறது? அதற்கு அதுதான் சாப்பாடா?

சாப்பாடு இல்லை. ஆணோ பெண்ணோ, கொசுவின் அன்றாடச் சாப்பாடு பூந்தேனும் செடிகளின் இனிப்புச் சாறும்தான். ஆண் கொசு சாகும்வரை யாரையும் கடிப்பதில்லை. பெண்ணுக்கு முட்டை முதிர்வதற்குப் புரதம் வேண்டும். ரத்தம் அதற்காகத்தான்.

அது கடிக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் பார்க்கப் பார்க்க வியப்பு அடங்காது. நாம் விடும் மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயுவை வைத்துத் தூரத்திலிருந்தே ஆள் இருப்பதைத் தெரிந்துகொள்ளும். கிட்டே வந்தால் உடம்புச் சூடும் வியர்வை வாடையும் வழிகாட்டும். உட்கார்ந்ததும் குத்துவது ஒற்றை ஊசியால் என்று நினைக்கிறோம். உண்மையில் ஓர் உறைக்குள் ஆறு மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. சில தோலை அறுக்கும், ஒன்று எச்சிலை உள்ளே விடும், ஒன்று ரத்தத்தை உறிஞ்சும். உறை மட்டும் வெளியிலேயே மடங்கி நிற்கும். ரத்தம் உறையாமல் இருப்பதற்குத்தான் அந்த எச்சில். நமக்கு அரிப்பதும் அதனால்தான். மலேரியாக் கிருமி உடம்புக்குள் நுழைவதும் அதே எச்சில் வழியாகத்தான்.

வயிறு நிறைந்தால் தன் எடையளவு ரத்தம் அதன் உடம்பில் இருக்கும். பறப்பதே கஷ்டம். அதனால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வேண்டாத நீரைப் பின்பக்கமாகத் துளித்துளியாக வெளியேற்றும். அனாபிலஸ் கொசுவில் அந்தத் துளி சிவப்பாகவே இருக்கும். படுக்கை விரிப்பில் மிளகை விடச் சிறிய சிவப்புப் புள்ளி கண்டால், நசுங்கிய கொசு என்று மட்டும் நினைக்க வேண்டாம். பந்தி நடந்த அடையாளமாகவும் இருக்கலாம்.

குடித்து முடித்ததும் பக்கத்துச் சுவரிலோ கொட்டகையிலோ இருட்டுப் பார்த்து உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் ரத்தம் செரித்து முட்டை முதிரும். தண்ணீர் தேடிப் போய் முட்டையிடும். மறுபடி பசி, மறுபடி கடி. உயிரோடு இருக்கும்வரை இதே சுற்றுதான். நோய் பரவுவதன் சூட்சுமமும் இந்தச் சுற்றில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

எந்த நேரத்தில் கடிக்கும்?

பொழுது சாய்ந்த பிறகு. முன்னிரவில் அதிகம், விடியும்வரையும் கடிக்கலாம். பகலில் காலைச் சுற்றி வந்து கடிப்பது பெரும்பாலும் ஏடிஸ், அது டெங்குக் கொசு. வெக்கை தாங்காமல் மொட்டை மாடியிலும் கடற்கரை மணலிலும் படுப்பவர்கள், வலை காவலுக்குப் படகில் படுப்பவர்கள், இவர்களுக்குத்தான் ஸ்டீபன்சியின் கடி அதிகம்.

சிலரை மட்டும் தேடித் தேடிக் கடிக்கிறதே. ரத்தம் இனிப்பாக இருப்பதாலா?

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோலில் வாழும் நுண்ணுயிர்களைப் பொறுத்து ஒவ்வொருவர் உடல் வாடையும் மாறும். கர்ப்பிணிகள் வெளிவிடும் மூச்சுக்காற்று கூடுதல், உடம்புச் சூடும் சற்று அதிகம், அதனால் அவர்களிடம் கூடுதலாக ஈர்க்கப்படும். கர்ப்ப காலத்தில் மலேரியா தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வீட்டில் ஒரே ஒரு கொசுவலைதான் இருக்கிறது என்றால் அதற்குள் யார் படுக்க வேண்டும் என்பதில் விவாதமே வேண்டாம்.

வாசலில் மாடு கட்டினால் கொசு அதைக் கடித்துவிட்டுப் போய்விடும் என்கிறார்களே?

பாதி சரி. ஸ்டீபன்சி மாட்டையும் விரும்பிக் கடிக்கும், மாட்டு ரத்தத்தில் மனித மலேரியா பரவாது. ஆனால் மாட்டைத் தேடி வருகிற கொசு அங்கேயே நின்றுவிடும் என்பதற்கு யார் உத்தரவாதம்? கொட்டகையும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இரண்டு இலையிலும் சாப்பிட்டுவிட்டுப் போகும். கொட்டகையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

ஒரு கடியிலேயே மலேரியா வந்துவிடுமா?

அந்தக் கொசு நோயைச் சுமந்துகொண்டிருந்தால் ஒரு கடி போதும். ஆனால் எல்லாக் கொசுவும் சுமப்பதில்லை.

மேலே சொன்ன சுற்றை இப்போது நினைத்துப் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் கொசுவிடம் கிருமி கிடையாது. மலேரியா உள்ள ஒருவரைக் கடித்தால்தான் கிருமி அதன் வயிற்றுக்குள் போகும். உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிடவும் முடியாது. வயிற்றுச் சுவரில் ஒட்டி, பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்துசேர நம் ஊர் வெப்பத்தில் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கொசுவின் ஆயுளோ இரண்டு மூன்று வாரம்தான், பெரும்பாலானவை அதற்கு முன்பே செத்துவிடும். ஆக, நோயைக் கொடுப்பது கிழட்டுக் கொசு. பல பேரைக் கடித்து, பல முறை முட்டையிட்டு, பல்லிக்கும் மின்விசிறிக்கும் தப்பிப் பிழைத்தது. கொசுவலையும் வீட்டுச் சுவரில் அடிக்கும் மருந்தும் பலன் தருவதற்கு இதுதான் காரணம். இருக்கிற கொசுவையெல்லாம் ஒழிக்காவிட்டாலும், அவற்றைக் கிழடாக விடாமல் செய்கின்றன.

கொசுவின் வயிற்றில் இந்தக் கிருமி வளர்வதை முதலில் கண்டதும் நம் நாட்டில்தான். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைப் பார்த்தார். அவருக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொசுக்களுக்குத் தன் உடம்பைக் கொடுத்துப் படுத்துக் கிடந்த நோயாளி உசேன் கானுக்குக் கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா. என்னைக் கேட்டால் பரிசில் பாதி அவருக்குப் போயிருக்க வேண்டும்.

ராமேசுவரம் தீவில் மலேரியா வந்ததற்குச் சவுக்குத் தோப்புதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்களே?

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சவுக்கங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் குழி தோண்டுவார்கள். கொஞ்சம் ஆழம் போனாலே நல்ல நீர் ஊறும். தோப்பு முழுக்க அப்படித் திறந்த குழிகள். அவற்றில் வளர்ந்தது ஸ்டீபன்சி அல்ல, அதன் உறவான அனாபிலஸ் குலிசிஃபேசிஸ். கிராமப்புற மலேரியாவின் முதன்மைக் கொசு அது. 1980-களில் புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி மையத்தினர் தீவில் அதை ஆராய்ந்து, நோய்க்கிருமியை அதன் உடம்பிலேயே கண்டார்கள்.

ஆக நம் கரையில் இரண்டு பேருக்கு வேலைப் பிரிவினை: தோப்புக் குழியும் வாய்க்கால் ஓரமும் குலிசிஃபேசிஸுக்கு, தொட்டியும் கிணறும் ஸ்டீபன்சிக்கு. இரண்டுமே கேட்பது நல்ல தண்ணிதான்.

தொட்டியில் நெளிகிற புழு எந்தக் கொசுவின் புழு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம் பக்கத்தில் கூத்தாடி என்பார்களே, அதைத்தான் கேட்கிறீர்கள். அது தண்ணீரில் எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வால் பக்கக் குழாயை மட்டும் மேலே நீட்டி மூச்சு விட்டால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ் என்ற சாக்கடைக் கொசு. தண்ணீரின் மேல்மட்டத்தோடு மட்டமாக, மிதக்கும் துரும்பு மாதிரிக் கிடந்தால் அனாபிலஸ். அதற்கு மூச்சுக்குழாய் கிடையாது. மட்டமாகக் கிடந்தபடியே தலையை மட்டும் முழுசாகத் திருப்பி, மேலே மிதப்பதை மேயும்.

வளர்ந்த கொசுவிலும் வித்தியாசம் உண்டு. சுவரில் உட்காரும்போது அனாபிலஸ் பின்பக்கத்தைத் தூக்கி, ஆணி அடித்த மாதிரிச் சாய்ந்து நிற்கும். மற்றவை சுவரோடு இணையாகக் கூன் போட்டு உட்காரும்.

ஒரு குறிப்பு: தொட்டிமேல் உங்கள் நிழல் விழுந்தாலே புழுக்கள் அடியில் போய்விடும். எட்டிப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடாமல் ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், மேலே வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது நானே பல தொட்டிகளுக்கு இப்படி நற்சான்று கொடுத்திருக்கிறேன்.

டெங்கு, யானைக்கால், எய்ட்ஸ்?

ஸ்டீபன்சி இவற்றைப் பரப்புவதாகச் சொல்ல முடியாது. டெங்குவும் சிக்குன்குனியாவும் ஏடிஸ் வேலை. 2006-இல் மூட்டுப் பிடித்து ஊரே நொண்டியது பலருக்கு நினைவிருக்கும். யானைக்கால் கியூலெக்ஸ் கொசுவால் வருகிறது, அதற்குத்தான் சாக்கடை வேண்டும். எய்ட்ஸ் எந்தக் கொசுவாலும் பரவாது. ஆனால் ஏடிஸும் ஸ்டீபன்சியும் ஒரே தொட்டியில் குடித்தனம் நடத்தக்கூடியவை. ஒரு மூடியால் இரண்டையும் தடுக்கலாம்.

தொட்டியை மூடித்தானே வைத்திருக்கிறோம்?

நான் அதிகம் கேட்டதும் அதிகம் ஏமாந்ததும் இந்தப் பதிலில்தான். கீழக்கரையில் ஒரு வீடு. தரைத் தொட்டிக்குக் கனமான சிலாப். அந்த வீட்டு உம்மா, "தம்பி, இதைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், கொசு எப்படித் தூக்கும்?" என்றார். சிரித்துக்கொண்டே டார்ச் அடித்தேன். குழாய் நுழைகிற இடத்தில் இரண்டு விரல் அகல ஓட்டை. கரண்டியை விட்டு எடுத்தால் மட்டமாகக் கிடக்கிற துரும்புகள் ஏழெட்டு. கொசு சிலாப்பைத் தூக்க வேண்டியதில்லை, வாசல் திறந்திருந்தால் போதும்.

மூடி என்றால் இடுக்கே இல்லாத மூடி. டேங்கின் வழிகுழாய், காற்றுக்குழாய் வாய்களில் வேட்டித் துணியோ நைலான் வலையோ கட்டுங்கள். மீன்பிடி வலை போதாது, கண் பெரிது. டிரம்முக்குத் துணியை விரித்து ரப்பர் கயிற்றால் இறுக்குவது மரப்பலகையை விட மேல். கிணற்றுக்கு வலைச் சட்டம் போட்டு, இறைக்கத் தனிக் கதவு வைக்கலாம்.

படகில் என்ன இருக்கப் போகிறது?

பாம்பனில் ஒரு நாட்டுப்படகுக்காரர் சொன்னது: "அண்ணே, வீட்டுல எல்லாத்தையும் மூடிட்டோம், ஆனா கரையில யாரும் பார்க்கல." அவர் சொன்னது சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அவற்றின் குடிநீர் டிரம்களைக் காலி செய்ய யாருக்கும் தோன்றாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், ஏற்றி வைத்த ஃபைபர் படகின் அடிவயிறு, படகு உரசாமல் இருக்கக் கட்டிய டயர், உடைந்த தெர்மாகோல் ஐஸ்பெட்டி எல்லாம் நிரம்பும். டயரிலும் பெட்டியிலும் ஏடிஸ் முந்திக்கொள்ளும். பெரிய டிரம்மிலும் படகுக்குள்ளும் ஸ்டீபன்சிக்கும் இடமுண்டு. பழைய படகைக் குப்புறக் கவிழ்த்துவிடுங்கள், டயரில் கீழ்ப்பக்கம் ஓட்டை போடுங்கள்.

கொசுப்புழுவைக் கொல்லப் பணியாளர்கள் தொட்டியில் ஊற்றுகிற அபேட் மருந்து கலந்த தண்ணீரைக் குடிக்கலாமா?

சொல்லப்பட்ட அளவில் ஊற்றினால் குடிநீருக்குப் பாதுகாப்பானது. லேசாக வாடை வரலாம். ஊற்றிவிட்டுப் போன மறுநிமிடமே தொட்டியைக் கழுவிவிடுகிறவர்கள் உண்டு. கழுவித் துடைத்து மூடுவது நல்லதுதான், ஆனால் கழுவிவிட்டுத் திறந்தே போட்டால் முதலுக்கே மோசம்.

கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாமா?

பயன்படாத கிணற்றிலும் தொட்டியிலும் விடலாம். ஊரணியில் வேண்டாம் என்பது என் கருத்து. அது அமெரிக்காவிலிருந்து வந்த மீன், நம் சிறு மீன்களின் குஞ்சுகளையும் தின்றுவிடும். நம் ஊரணிகளிலேயே மேல்மட்டத்தில் திரியும், தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் சின்ன மீன் ஒன்று உண்டு. சிறுவயதில் துண்டை விரித்துப் பிடித்திருப்பீர்கள். கொசுப்புழு அதற்கும் பிடித்த தீனி.

புகை மருந்து அடித்தால் தீர்ந்துவிடாதா?

தீராது. புகை பறக்கிற கொசுவைக் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. இன்று அடித்தால் நாளை புதிய கொசு கிளம்பும். மேலும் ஸ்டீபன்சி பல மருந்துகளுக்குப் பழகிவிட்டது, பழைய பூச்சிமருந்தான டி.டி.டி-க்கு எப்போதோ அசைந்து கொடுப்பதை நிறுத்திவிட்டது. வேப்பிலைப் புகையும் நொச்சிப் புகையும் அந்த நேரத்துக்கு விரட்டும், அவ்வளவே.

மலேரியா குணமாகி இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி கொசு கடித்ததா?

கடிக்காமலும் வரும். நம் பக்கம் பார்க்கும் மலேரியாவில் விவாக்ஸ் என்று ஒரு வகை. அதன் கிருமிகளில் சில கல்லீரலில் போய்ப் படுத்துத் தூங்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து வரும். ரத்தத்திலுள்ள கிருமிக்கு மூன்று நாள் மாத்திரை, கல்லீரலில் தூங்குவதற்கு பிரைமாகுயின் பதினான்கு நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால் மிச்ச மாத்திரை அலமாரியில் தங்கிவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குறிப்பிட்ட ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பிரைமாகுயின் ஆகாது. எனவே மருத்துவர் சொல்லாமல் தொடவும் வேண்டாம், சொன்னபின் பாதியில் விடவும் வேண்டாம்.

இன்னொன்று. என் அண்ணன் மகனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல். ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை இல்லாமலே ஊசி போட்டு மூன்று முறை அனுப்பினார்கள். நான்காவது முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததும் விவாக்ஸ் என்று தெரிந்தது. அந்த இரண்டு வாரத்தில் அவனைக் கடித்த கொசுக்கள் வேறு யாரைக் கடித்தனவோ. காய்ச்சல் என்றால் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு நிலையங்களில் இலவசம்.

இலங்கையில் மலேரியாவே இல்லையாமே?

2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைப் பறிகொடுத்த நாட்டுக்கு அது சாதாரணக் காரியமில்லை. ஆனால் சான்று வாங்கிய அதே ஆண்டின் கடைசியில், தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையான மன்னாரில், அதுவரை அங்கே காணப்படாத ஒரு கொசுவின் புழுக்கள் கிடைத்தன. நம் ஸ்டீபன்சிதான். எங்கே கிடைத்தன தெரியுமா? கிணற்றில். ஆப்பிரிக்காவில் ஜிபூட்டி துறைமுகத்தில் 2012-இல் இதே கொசு கால் வைத்தபின் அங்கே நகரங்களில் மலேரியா பெருகியது. அதனால் மன்னார்க்காரர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவச் சொல்கிறீர்கள். தண்ணீருக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. முட்டையிலிருந்து கொசுவாக எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்பது அந்தக் கணக்கு. முழுசாகக் கொட்ட வேண்டாம். குழாயில் தண்ணீர் வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம் தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அதைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் மாற்றிக்கொண்டு, காலித் தொட்டியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். அனாபிலஸ் முட்டை காய்ந்தால் செத்துவிடும். ஆனால் சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும், தேய்த்தால்தான் போகும். தேய்த்த அழுக்கைத் தொட்டியிலேயே விடாமல் அள்ளி வெளியே மணலில் கொட்டிவிடுங்கள். வடிகட்டிய துணியில் கூத்தாடி இருந்தால் அதையும் மணலில் உதறிவிட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும். மறுநாள் காலை புதுத் தண்ணீரைப் பிடித்ததும் மூடியை வைத்துவிடுங்கள், குழாய் நுழைகிற ஓட்டையை அடைக்கவும் மறக்காதீர்கள்.